நம்பிக்கைக்கும் சோதனை வேண்டும்

மூடுபனி தரையை மறைத்து நிற்கிறது. ஓடுபாதை கண்ணுக்குத் தெரியவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களைச் சுமந்து வரும் ஆகாய விமானம் எப்படித் தரையிறங்கும்?

1965 ஜூன் 10 அன்று பாரிஸிலிருந்து லண்டன் வந்த டிரைடென்ட் விமானம் ஒன்று, பயணிகளுடன் வந்து, தானியங்கிக் கருவியின் உதவியால் தரை தொட்டது. அன்று முதல் இன்று வரை, பனிமூட்டத்தில் தானாக இறங்கும் விமானங்களுக்குப் பெரும்பாலும் வழிகாட்டுபவை ஓடுபாதையருகே நிறுவப்பட்ட கருவிகள் அனுப்பும் வானொலி அலைகளே. அப்பணியைச் செயற்கைக்கோள்களிடம் ஒப்படைக்கலாமா என்பதே விஞ்ஞானிகள் பல்லாண்டுகளாகச் சோதித்து வரும் கேள்வி.

1994 அக்டோபரில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் கலிபோர்னியாவில் ஒரு போயிங் 737 விமானத்தை இம்முறையில் 110 தடவை தானாகவே தரையிறங்கச் செய்தனர். ஒரு முறை சரியாக இறங்கினால் போதாதா, ஏன் இத்தனை முறை என்று சிலர் கேட்கலாம். போதாது என்பதே நம் கருத்து.

செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவற்றின் அலைகள் நம்மை வந்தடையும்போது மிகவும் மெலிந்துவிடுகின்றன. வழியிலுள்ள வான்மண்டலமும் அவற்றைச் சற்றுத் தாமதப்படுத்துகிறது. ஆகவே, விமான நிலையத்தில் நிலையாக வைக்கப்பட்ட கருவிகள் அப்பிழையைக் கணக்கிட்டு விமானத்துக்குத் தெரிவிக்கின்றன. ஆனால் துல்லியம் மட்டும் போதுமா? தவறு நேர்ந்தால், "இப்போது என்னை நம்பாதே" என்று ஓரிரு வினாடிகளுக்குள் அக்கருவியே அறிவிக்க வேண்டும். அப்போதுதான் விமானி மீண்டும் மேலெழுந்து உயிர்களைக் காக்க முடியும். தன் பிழையைத் தானே ஒப்புக்கொள்ளும் இந்த நேர்மையைத்தான் விஞ்ஞானிகள் மீண்டும் மீண்டும் சோதிக்கின்றனர்.

கருவிக்கு நேர்மை இருந்தால் மட்டும் போதாது என்பதற்கும் ஒரு சான்று உண்டு. 2012 ஆகஸ்டில், அமெரிக்காவின் நியூவார்க் விமான நிலையத்தில் இத்தகைய கருவியைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, செயற்கைக்கோள் அலைகள் தடைப்பட்டன. காரணம் என்ன? நிறுவனம் கொடுத்த வண்டியில் வந்த ஊழியர் ஒருவர், தாம் இருக்குமிடம் முதலாளிக்குத் தெரியாதிருக்க, அலைகளைக் குலைக்கும் சிறு கருவி ஒன்றை வைத்திருந்தார். அருகில் ஒருவர் உரக்கக் கத்தினால் தொலைவில் பேசுபவரின் மெல்லிய குரல் கேட்பதில்லை அல்லவா? அது போலத்தான் இதுவும். 2013ல் அரசு அவருக்கு 31,875 டாலர் அபராதம் விதிக்கப்போவதாக அறிவித்தது.

எந்நேரமும் பிறர் கண்காணிப்பில் இருக்க யாருக்கும் விருப்பமில்லைதான். அம்மனிதருக்கு விமானத்தைக் கெடுக்கும் எண்ணமும் இருந்திராது. ஆயினும், ஒருவர் தமக்காகச் செய்த சிறு மறைப்பு, பலரது உயிரைக் காக்க வேண்டிய கருவியைக் குருடாக்கிவிட்டதே! "என்னால் யாருக்கு என்ன கேடு?" என்று நாம் சொல்லும்போதெல்லாம் இதை நினைவில் கொள்வோமாக.

அன்புத் தோழியரே! ஒவ்வொரு இரவும் ஆன்ம சோதனை செய்ய நமக்குக் கற்பித்திருக்கிறார்கள். பிழையே செய்யாதவர் எவருமில்லை. பிழையை உடனே உணர்ந்து ஒப்புக்கொள்பவரையே பிறர் நம்பலாம். உயிரற்ற கருவியிடம் இவ்வளவு நேர்மையை எதிர்பார்க்கும் நாம், நம்மிடம் அதற்குக் குறைவாக எதிர்பார்க்கலாமா?