மாமாவின் மூன்றாம் காலடி

போன வாரம் உம்மாவைப் பார்க்கப் புதுமடம் போயிருந்தேன். கூடவே ஒன்பது வயது மகளும் அவளுடைய சிலம்பக் கம்பும். அந்தக் கம்போடு பஸ்ஸில் பட்ட பாடு தனிக் கதை!

சாயங்காலம் கடற்கரையில் சுற்றிக் காட்டினாள். ஒரே வீச்சு, ஒரே சுழற்சி! எல்லோரும் கை தட்டினார்கள், பெரிய மாமாவைத் தவிர.

"கை நல்லாத்தான் ஓடுது. கால் எங்கம்மா? எதிர்ல ஆள் நிக்கிறான்னு நெனச்சு ஆடணும். இது சும்மா வேடிக்கை" என்றார்.

குழந்தை முகம் சுண்டிப் போயிற்று. இனிமேல் கிளாஸுக்கே போகமாட்டேன் என்று ஒரே அழுகை.

மாமா சொன்னதும் பொய்யில்லை. பாளையக்காரர்கள் காலத்தில் அது சண்டைக் கலை. 1801-க்குப் பிறகு ஆங்கிலேயர் ஆயுதங்களைப் பறித்தார்கள், பாளையங்களும் போயின. கம்பு திருவிழாவிலும் ஊர்வலத்திலும் ஆட்டமாக நின்றது. 1971-ல் 'ரிக்‌ஷாக்காரன்' பார்த்துவிட்டுக் கம்பெடுத்த பையன்கள் எத்தனை பேர்! இப்போது போட்டி வந்துவிட்டது. அலங்காரச் சுற்றுக்குத் தனி மார்க். அதற்குத் தோதாக லேசான கம்பு, வேகமான கை.

சீனாவிலும் இதே கதைதான். தாய்ச்சி என்கிறார்களே, அது ஹெனான் மாநிலத்து சென் கிராமத்தில் ஒரு குடும்பத்தின் சண்டை முறை. உதையும் குதியும் உண்டு. யாங் செங்ஃபு (1936-ல் காலமானவர்) அதை ஒரே சீராக, மெதுவாக ஆடும்படி ஆக்கினார். 1956-ல் அரசாங்கமே 24 அசைவுகளாகச் சுருக்கியது. பூங்காக்களில் பாட்டிமார்கள் செய்வது பெரும்பாலும் அதைத்தான். அவர்கள் மூட்டுக்கு அது நல்லதுதானே!

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு மாமாவிடம் மெல்லக் கேட்டேன். "நீங்க மட்டும் உங்க வாத்தியார் சொல்லிக் கொடுத்த மாதிரியேவா ஆடுறீங்க, மாமா?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சிரித்துவிட்டார்.

"மூணாவது காலடிய அவர் நல்லா அகட்டி வைப்பார். நம்ம தெருவுல மாப்பிள்ளை ஊர்வலம் போறப்ப ரெண்டு பக்கமும் திண்ணை, எடம் ஏது? நான் குறுக்கி வச்சேன். எங்கிட்ட படிச்ச பயலுவ அதுதான் ஆதி முறைன்னு சத்தியம் பண்றானுவ!"

மறுநாள் சுப்ஹு தொழுததும் மாமாவே அவளை எழுப்பி மணலுக்குக் கூட்டிப் போனார். அகட்டி வைக்கும் அந்தப் பழைய அடியைத்தான் சொல்லிக் கொடுத்தார். பத்து நிமிஷத்தில் தொடை வலிக்கிறது என்றாள். வலிக்கத்தான் செய்யும், உடம்பைத் தாங்குவது கால்தானே.

பிள்ளைகளைச் சேர்க்க நினைக்கும் தாய்மார்களுக்கு ஒன்று. கம்பு பிள்ளையின் நெற்றி உயரம் இருந்தால் போதும். கனத்த மூங்கில் வேண்டாம். சிமெண்ட் தரையில் குதிக்க விடாதீர்கள், மண்தரைதான் நல்லது. கம்பைத் தொடுமுன் மணிக்கட்டையும் தோளையும் ஐந்து நிமிஷம் சுழற்றச் சொல்லுங்கள்.

ஊருக்குத் திரும்பும்போது பஸ்ஸில் கேட்டாள், "உம்மா, போட்டியில எந்த அடிய வைக்கிறது? மாஸ்டரோடதா, மாமாவோடதா?"

மாஸ்டரிடமே கேள் என்று சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கிளாஸ். எனக்குத்தான் திக்திக்கென்று இருக்கிறது!