கோப்பைக்கு பட்ஜெட் இருக்கு, முட்டிக்கு இருக்கா?



பொங்கல் கபடிக்கு இன்னும் தேதியே குறிக்கலை. அதுக்குள்ள ஃப்ளெக்ஸ் டிசைன் கேட்டு ஐடி விங் குரூப்ல மெசேஜ் வர ஆரம்பிச்சாச்சு. முதல் பரிசு எவ்வளவு, கோப்பை எத்தனை அடி, சவுண்ட் சர்வீஸ் யாரு என்று எல்லாத்துக்கும் பட்ஜெட் இருக்கு. ஆடுற தம்பியோட முட்டிக்கு அதில் ஒரு வரி இருக்கா?

போன வருஷம் நம்ம பூத் கமிட்டித் தம்பி ஒருத்தர் ரெய்டு போனார். யாரும் பிடிக்கக்கூட இல்லை. சட்டுனு திரும்பினார், முட்டி மடங்கிருச்சு. ஏசிஎல் எனப்படும் முழங்கால் ஜவ்வு கிழிஞ்சிருந்தது. அவர் பிழைப்பு உணவு டெலிவரி.

கணக்குப் போடுவோம். ஆபரேஷன், ஸ்கேன், பிசியோதெரபி எல்லாம் சேர்த்து 1.6 லட்சம். நாளுக்கு 700 ரூபாய், மாசம் 25 நாள், 6 மாசம் வண்டி எடுக்கலை, அது 1.05 லட்சம். மொத்தம் 2.65 லட்சம். நாம கொடுத்த முதல் பரிசு 20,000. அதையும் டீம் முழுக்கப் பிரிச்சுக்கணும்!

காப்பீடு இருக்கேன்னு கேட்கலாம். காப்பீடு ஆஸ்பத்திரி பில்லைப் பார்த்துக்கும். 6 மாசக் கூலியை யார் தருவா? பிற்காலத்தில் அதே முட்டியில் தேய்மானம் வரும் வாய்ப்பும் அதிகம்.

இதைத் தடுக்க முடியுமா? பெருமளவு முடியும். நார்வேயில் 15–17 வயது ஹேண்ட்பால் வீரர்களிடம், 120 கிளப்களில் ஆய்வு செய்து 2005-ல் முடிவை வெளியிட்டார்கள். ஓட்டம், குதித்துச் சரியாக இறங்குவது, சமநிலை, தசை வலு என முறையான வார்ம்-அப் செய்தவர்களுக்கு முழங்கால், கணுக்கால் காயங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன.

பணக் கணக்கு நியூசிலாந்தில் இருக்கு. அங்கே விபத்துக் காயம் என்றால், விளையாட்டில் பட்டாலும், ஏ.சி.சி. என்ற அரசு அமைப்பு சிகிச்சைச் செலவை ஏற்கும். வேலைக்குப் போக முடியாதவருக்கு வாரச் சம்பளத்தில் 80 சதவீதம் வரை தரும். அந்த அமைப்பு ஃபிஃபாவின் 'தி 11' வார்ம்-அப்பை அமெச்சூர் கால்பந்துக்குக் கொண்டுபோனது. 2011 வரையிலான கணக்கில், போட்ட ஒவ்வொரு டாலருக்கும் 8.20 டாலர் மிச்சம். இது முட்டிக்கு மட்டும் இல்லை, கால்பந்துக் காயங்கள் மொத்தத்துக்கும்.

அவங்களுக்கு ஏன் இது தோணுச்சு? பில் கட்டுறது அரசு. அதனால எண்ணிப் பார்த்தாங்க. இங்கே பில் கட்டுறது அந்தத் தம்பியோட அம்மா, அடகு வைச்ச நகையில. அதனால யாரும் எண்ணலை.

இன்ஜினியரிங்ல படிச்சதுல மறக்காத பாடம் ஒண்ணுதான்: மெஷின் நின்ன பிறகு ரிப்பேர் பண்றதை விட, நிற்காம பராமரிக்கிறது செலவு கம்மி. மனுஷன் முட்டிக்கும் அதேதான்.

அதனால இந்தப் பொங்கலுக்கு நம்ம பேனர் கட்டுற ஒவ்வொரு மைதானத்திலும் மூணே மூணு வேலை:

1. மேட்சுக்கு முன் 15 நிமிஷம் வார்ம்-அப். செய்யாத டீமுக்கு டாஸ் கிடையாது.
2. முந்தின நாளே மண்ணில் கல், குழி பார்த்துச் சமன் செய்யணும்.
3. கோப்பையில் ஒரு அடி குறைச்சு, அந்தக் காசில் ஒரு பிசியோதெரபிஸ்ட்டைக் கூப்பிடணும்.

அந்தத் தம்பி இந்த வருஷமும் வர்றார், ஸ்கோர் எழுத. அடுத்த வருஷம் ஸ்கோர் போர்டு பக்கத்தில் இன்னொரு தம்பி உட்காரக் கூடாது.

உங்க ஊர் விழாக் கமிட்டி குரூப்ல இதைப் போடுங்க.

#முட்டியும்_முக்கியம்