சமையலறை இடிபடும்போது நோயாளிக்கு என்ன உணவு?

தை பிறந்தால் திருமணங்கள் தொடங்கும். திருமணம் நிச்சயமானால் வீட்டைச் சீர்செய்யும் வேலையும் தொடங்கும். சேலம், நாமக்கல் மாவட்டங்களில் இவ்விரண்டையும் பிரிப்பது கடினம். சுண்ணாம்பு அடிப்பதோடு நின்ற காலம் போய், இப்போது பழைய மேடையை இடித்துக் கிரானைட் பதித்து, சுவர் முழுதும் டைல்ஸ் ஒட்டி, அலமாரிகள் அமைப்பது வரை வேலை நீள்கிறது. அதில் தவறொன்றும் இல்லை. கரி படிந்த இருண்ட அறையில் முப்பது ஆண்டுகள் நின்று சமைத்த ஒரு பெண்ணுக்கு வெளிச்சமான சமையலறை கிடைப்பதை நான் மனமார வரவேற்கிறேன். என் கவலை வேறு. இடிக்கும் நாளைக் குறிக்கின்ற குடும்பம், வீட்டிலுள்ள நோயாளி அந்நாள் முதல் எதை உண்பார் என்பதைக் குறிப்பதில்லை.

வேலை 15 நாளில் முடியும் என்று மேஸ்திரி சொல்வார். அவரைக் குறை கூறுவதற்கில்லை. டைல்ஸ் வந்து சேரத் தாமதமாகும்; ஆசாரி வேறொரு வீட்டு வேலைக்குப் போய்விடுவார்; நடுவில் உறவில் ஒரு துக்கம் நிகழும். 15 நாள் 45 நாளாகும். உடல்நலம் உள்ளவருக்கு அத்தனை நாளும் கடைச் சாப்பாடு என்பது சலிப்பு மட்டுமே. சிறுநீரகம் செயலிழந்தவருக்கும், இதயம் பலவீனமானவருக்கும், இன்சுலின் போட்டுக்கொள்பவருக்கும் அது சலிப்போடு நிற்பதில்லை.

சிறுநீரக மருத்துவனாகிய நான் இதை முதலில் காண்பது டயாலிசிஸ் பிரிவின் எடைக் கருவியில். இரண்டு சிகிச்சைகளுக்கு இடையே 2 கிலோ ஏறுபவர் திடீரென 4 கிலோ ஏறி, மூச்சிரைப்புடன் வருவார். தண்ணீரைக் குறைக்கும்படி அவரிடம் மீண்டும் சொல்வதால் பயனில்லை. பார்சலில் வந்த சால்னாவும் ஊறுகாயும் உடலில் உப்பைச் சேர்க்கின்றன. உப்பு தாகத்தைத் தூண்டுகிறது. தாகத்தை யாரால் அடக்க முடியும்? உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பையே பரிந்துரைக்கிறது. அது ஒரு தேக்கரண்டி அளவு. கடையில் உப்பு போடும் கை நம் கையன்று என்பதே இங்குள்ள சிக்கல்.

ஆகவே என் கருத்து இது: நோயாளி உள்ள வீட்டில் சமையலறை வேலை நடந்தாலும் சமையல் நிற்கக் கூடாது. அதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. ஒரு மின்சார ரைஸ் குக்கர், ஓர் இண்டக்‌ஷன் அடுப்பு, ஒரு மிக்ஸி ஆகியவை போதும். மிக்ஸி பெரும்பாலான வீடுகளில் ஏற்கெனவே இருக்கும். 2011இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லாத் திட்டத்தில் வந்த மிக்ஸியும் கிரைண்டரும் இன்னும் பரண்மேல் உறங்கும் வீடுகள் நம் ஊர்களில் உண்டு. அவற்றை இறக்க இதுவே தருணம்.

மூன்றில் முதலிடம் ரைஸ் குக்கருக்கு. 1955இல் ஜப்பானின் தோஷிபா நிறுவனம் தானியங்கிக் குக்கரைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது, அதை உருவாக்கிய யோஷிதாதா மினாமியின் மனைவி ஃபுமிகோ வீட்டில் ஓயாமல் சோறு வடித்துப் பார்த்துச் சோதனைகள் செய்தார். நீர் இருக்கும்வரை பாத்திரத்தின் வெப்பம் 100 டிகிரியைத் தாண்டாது. நீர் வற்றியதும் வெப்பம் ஏறும். அந்த ஏற்றத்தை உணர்ந்து கருவி தானே அணைந்துவிடும். இவ்வளவுதான் நுட்பம். ஆனால் நோயாளியைக் குளிப்பாட்டிக்கொண்டோ மருந்து கொடுத்துக்கொண்டோ இருக்கும் ஒருவர் அடுப்பருகே நிற்க வேண்டியதில்லை என்பது எவ்வளவு பெரிய விடுதலை என்பதைப் பராமரிப்பாளர்கள் நன்கறிவார்கள்.

நம் கொங்குப் பகுதியின் அரிசிம்பருப்பு சாதம் இக்கருவிக்காகவே பிறந்தது போன்றது. அரிசி, துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, மஞ்சள் அனைத்தும் ஒரே பாத்திரத்தில் வெந்துவிடும். நீரிழிவு உள்ளவர் அரிசியைக் குறைத்துப் பருப்பைக் கூட்டிக்கொள்ளலாம். சிறுநீரக நோயாளிகளுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். நீர் வற்றும்வரை ஒரே பாத்திரத்தில் வேகவைக்கும்போது காய்கறியிலும் பருப்பிலும் உள்ள பொட்டாசியம் வெளியேற வழியில்லை. பொட்டாசியத்தைக் குறைக்கும்படி அறிவுறுத்தப்பட்டவர்கள், காயைச் சிறிதாக நறுக்கி, நிறைய நீரில் இண்டக்‌ஷன் அடுப்பில் வேகவைத்து, நீரை வடித்துவிட்டுப் பிறகே தாளிக்க வேண்டும். ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்கப்படுபவற்றில் பொட்டாசியம் குளோரைடு சேர்ந்திருப்பதால் அவற்றையும் இவர்கள் தொடக் கூடாது.

முட்டைக்கு நாமக்கல்லில் பஞ்சமில்லை. குக்கரோடு வரும் ஆவித்தட்டில் முட்டையை வைத்து அவித்துவிடலாம். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் உண்டு. டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் நாள்தோறும் தேவை என்பதால், வேலை நடக்கும் காலத்தில் அவர்களுக்கு முட்டையைவிட எளிய துணை இல்லை. டயாலிசிஸ் நிலைக்கு வராத சிறுநீரக நோயாளிகளுக்குக் கணக்கு வேறு. மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். சீக்கிரம் முடிகிறது என்பதற்காக ஜவ்வரிசி உப்புமாவை நாள்தோறும் செய்வோரும் உண்டு. சேலத்தின் பெருமை அது என்பதில் ஐயமில்லை. எனினும் அது பெரும்பாலும் மாவுச்சத்தே. சர்க்கரை நோயாளியின் தட்டுக்கு உகந்ததன்று.

காலையில் வைத்த சோற்றை இரவுவரை குக்கரிலேயே விட்டுவிடும் வழக்கம் ஒன்றுண்டு. ‘வார்ம்’ விளக்கு எரியும்வரை பெரும்பாலான குக்கர்களில் சோறு 60 டிகிரிக்கு மேல் இருக்கும். அதில் கிருமி பெருகாது. சுவிட்சை அணைத்து மூடி வைத்தால் நிலைமை மாறும். அரிசியில் இயல்பாகவே இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்னும் கிருமியின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. சோறு ஆறும்போது முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. நம் சித்திரை வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் சோற்றை வெளியில் வைக்கக் கூடாது. பழைய சோறு என்னாகும் என்று கேட்பீர்கள். உடல்நலம் உள்ளவர்கள் உண்ணட்டும். உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டவர்களும் கீமோதெரபி பெறுபவர்களும் இக்காலத்தில் தவிர்க்கட்டும்.

இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கியவர்கள் முதலில் காண்பது, வீட்டுப் பாத்திரங்களில் பாதி அதில் சூடேறாமை. அலுமினியமும் பித்தளையும் ஏறா. எவர்சில்வரிலும் காந்தம் ஒட்டும் வகையே ஏறும். பாத்திரத்தின் அடியில் ஒரு காந்தத்தை வைத்துப் பார்த்தால் கடைக்காரரைக் கேட்க வேண்டியதே இல்லை. பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் அடுப்பு எரியும்போது இரண்டடி தள்ளியே இருக்க வேண்டும்.

உணவைவிட எனக்கு அதிக அச்சம் தருவது மின் இணைப்பு. சமையலறையின் கனத்த பிளக்குகள் இடிபட்ட சுவரோடு போய்விட, கூடத்தில் தொலைக்காட்சிக்கு வைத்த 6 ஆம்பியர் பிளக்கில் நீட்டிப்புப் பெட்டியைச் செருகி அதில் எல்லாவற்றையும் மாட்டுகிறார்கள். 230 வோல்ட்டில் 6 ஆம்பியர் தாங்குவது ஏறத்தாழ 1,380 வாட். ரைஸ் குக்கர் 700 வாட் அளவில் அடங்கும். இண்டக்‌ஷன் அடுப்போ 2,000 வாட் வரை இழுக்கும். அதற்கு 16 ஆம்பியர் இணைப்பே வேண்டும். எலக்ட்ரீஷியன் வீட்டில் இருக்கும் நாளிலேயே கூடத்தில் ஒரு தற்காலிக 16 ஆம்பியர் பிளக் போடச் சொல்லுங்கள். ஆக்சிஜன் செறிவூட்டி பயன்படுத்தும் நோயாளி இருந்தால் அக்கருவியின் இணைப்பில் வேறெதையும் செருகவே கூடாது. இலவச மின்சார யூனிட்டுகளுக்குள் சமையல் அடங்காது. கட்டணம் சற்று ஏறும். பார்சல் செலவோடு ஒப்பிட்டால் அது சிறிது.

மாதாந்திரப் பராமரிப்புக்கான மின்தடை நாளை முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள். உணவுக்கு முன் இன்சுலின் போடுபவருக்கு நான் வற்புறுத்துவது ஒன்றே: சோறு வெந்து தட்டுக்கு வந்தபின் ஊசி. குக்கரில் அரிசி போட்டாயிற்று என்று ஊசி போட்டுக்கொண்டு, பத்தாம் நிமிடம் மின்சாரம் போனால், சர்க்கரை தாழ்ந்து மயங்குவார். இன்னொன்றும் மறக்கப்படுகிறது. சமையலறையிலிருந்து குளிர்பெட்டியை வெளியே இழுக்கும்போது, அதிலுள்ள இன்சுலினும் வெயிலுக்கு வருகிறது. திறக்காத மருந்து 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். பெட்டியை அன்றே வேறு அறையில் இணைக்க முடியாவிட்டால் பக்கத்து வீட்டில் கொடுத்து வைப்பது நலம்.

கல்லும் டைல்ஸும் அறுக்கும் தூசி எல்லோருக்கும் தீங்கு. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு உடனடித் தீங்கு. நீர் ஊற்றி அறுக்கச் சொல்வதும், சமைக்கும் இடத்தை நனைத்த துணியால் மறைப்பதும் ஓரளவு உதவும். கேஸ் இல்லையே என்று பொடக்காளியில் மூன்று கல் வைத்து விறகு மூட்டுவதை நுரையீரல் நோயாளி உள்ள வீட்டில் நான் ஏற்பதில்லை. சிறுநீரக மாற்று செய்து ஆறு மாதம் ஆகாதவர் வீட்டில் உள்ளார் எனில், எந்தக் கருவியும் வேண்டாம். வேலையைத் தள்ளிப்போடுங்கள், அல்லது அவரை உறவினர் வீட்டுக்கு அனுப்புங்கள்.

சமைப்பவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கூடத்தின் மூலையில் தரையில் அமர்ந்து சமைத்து, குளியலறையில் பாத்திரம் கழுவி, நடுவே வேலையாட்களுக்குத் தேநீரும் வைத்துத் தருபவர் பெரும்பாலும் வீட்டின் ஒரே பெண்தான். அவருக்கும் ரத்த அழுத்தம் இருக்கும். அந்த மாதங்களில் குடும்பத்துக்கு ஒரு வேளைக்கு ஒரு பாத்திர உணவு போதும். இரண்டு கறி, ஒரு கூட்டு, அப்பளம் என்று எதிர்பார்க்க வேண்டாம். மற்றவர்கள் ஒருவேளை கடையில் உண்ணலாம். நோயாளிக்கும் அவருக்கும் வீட்டில் வேகட்டும்.

புதிய மேடைக்கு அளவெடுக்க வருபவரிடம் ஒன்று கேளுங்கள். மேடையின் ஒரு பகுதியைத் தாழ்வாகவும், கீழே அலமாரி இல்லாமலும் விட முடியுமா? முழங்கால் தேய்ந்தவரும், நடுக்கம் உள்ளவரும் நாற்காலியில் அமர்ந்து காய் நறுக்க அது உதவும். அருகிலேயே ஒரு 16 ஆம்பியர் பிளக்கும் இருக்கட்டும். கிரானைட் பதித்தபின் கேட்டால் அவரால் ஒன்றும் செய்ய இயலாது.