கூலிக்காரனின் கவனக்குறைவா?

புன்னைக்காயலில் கடலைத் தொடுகிறது தாமிரபரணி. அதன் பாசனத்தில் நெல்லும் வாழையும் விளைகின்றன. அங்கே பூச்சிமருந்துத் தெளிப்பானை முதுகில் சுமப்பவன் யார்? நிலச் சொந்தக்காரனா? இல்லை தோழர்களே, கூலித் தொழிலாளி!

அவன் மயங்கி விழுந்தால், "கவனக்குறைவு" என்று கையைக் கழுவுகிறார்கள். விஞ்ஞானம் என்ன சொல்கிறது?

நரம்பு நுனியில் சுரக்கும் அசிட்டைல்கோலின், சுரப்பிகளிலும் தசைகளிலும் உள்ள ஏற்பிகளைத் தட்டி வேலை வாங்குகிறது. வேலை முடிந்ததும் ஒரு நொதி அதைச் சிதைத்துவிடும். மோனோகுரோட்டோபாஸ், பாரத்தியான் போன்ற நஞ்சுகள் அந்த நொதியை முடக்குகின்றன. எச்சில் வழிகிறது, மார்பில் சளி நிரம்புகிறது, மூச்சு நிற்கிறது. தோல் வழியாகவே இந்த நஞ்சு உள்ளே புகும். வெறுங்கையோடு வயலுக்கு அனுப்பிவிட்டுக் கவனத்தைப் பற்றிப் பேசுவதா?

மாற்று மருந்து உண்டு: அட்ரோப்பின். 1830களில் ஜெர்மானியர் பெல்லடோனாச் செடியிலிருந்து பிரித்தெடுத்தது. நம் வேலியோரத்து ஊமத்தையிலும் இருக்கிறது. பூட்டில் நுழைந்தும் திறக்காத சாவிபோல், ஏற்பியில் உட்கார்ந்து அசிட்டைல்கோலினைத் தடுக்கிறது. அதற்காக ஊமத்தங்காயைத் தின்றுவிடாதீர்கள். அதுவே ஆளைக் கொல்லும். அளவிட்ட ஊசி வேண்டும், டாக்டர் வேண்டும், மூச்சு தளர்ந்தால் செயற்கைச் சுவாசம் வேண்டும்.

1958இல் கேரளத்துக்கு வந்த கப்பலில் உணவுப் பண்டத்தையும் பாரத்தியானையும் ஒன்றாக ஏற்றினார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சாப்பிட்டதா அவர்கள் செய்த கவனக்குறைவு? அதன்பின் 1968இல் பூச்சிமருந்துச் சட்டம் வந்தது. 1971இல் வந்த விதிகள் தெளிப்பவனுக்குக் காப்புடை வேண்டும் என்றன. ஆனாலும் 2017இல் மகாராஷ்டிரத்து யவத்மாலில், பருத்திக்கு மருந்து தெளித்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். சட்டம் புத்தகத்தில், நஞ்சு நுரையீரலில்!

ஆலைத் தோழர்களே! நீங்கள் நூற்கும் பஞ்சு அப்படிப்பட்ட வயல்களில் விளைந்தது. இது உங்கள் வழக்கும்தான்.

கையுறையும் காப்புடையும் நிலச் சொந்தக்காரன் செலவில் வரட்டும். வராவிட்டால் தெளிப்பானைத் தொடாதீர்கள்! ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இரவும் பகலும் அட்ரோப்பினும் டாக்டரும் இருக்கட்டும்! செத்தவனின் குடும்பத்துக்கு நஷ்டஈட்டை நஞ்சு விற்ற கம்பெனி கொடுக்கட்டும்!

செடி மருந்தைத் தந்துவிட்டது. விஞ்ஞானம் அதைப் பிரித்தெடுத்துவிட்டது. அதை உழைப்பவன் கைக்குக் கொண்டுவருவது நம் ஒற்றுமையின் வேலை. ஒன்றுபடுவோம்!