பழைய படகும் நன்னீரும்



‘பரவை’ என்னும் சொல்லுக்குக் கடல் என்பது பொருள். பெயரில் கடலை வைத்திருக்கும் எம் பரவையில் இருப்பதோ கண்மாய். கடலைக் காணப் பேருந்தில் சில மணி நேரம் செல்லவேண்டும். எனினும், கடற்கரையில் உறவினர் உள்ள குடும்பங்கள் நம்மிடையே உண்டு. தூத்துக்குடித் தோணிகளுக்கு இயந்திரம் வந்துவிட்டது. தொண்டிப் பக்கமோ இன்றும் பாய்மரப் படகுப் போட்டிகள் நடக்கின்றன. பழைய மரப்படகைப் பேணப் பணமும் ஆளும் இல்லையே என்று கலங்குவோருக்கு இவ்வரிகள்.

மரத்தைக் கெடுப்பது கடலின் உப்பே என்று எண்ணிக் குடம் குடமாக நன்னீர் ஊற்றிக் கழுவுவோர் உண்டு. வீண் உழைப்பு! மரத்தை மக்கச் செய்வது பூஞ்சை. அதற்கு வேண்டியவை தேங்கிய நன்னீரும் காற்றோட்டமின்மையுமே. உப்பு அதைத் தடுக்கும். ஆகவே மேல்தளத்தில் கடல்நீரையே மொண்டு ஊற்றித் தேங்காய் நாரால் தேய்த்தால் போதும். மழை பெய்த மறுநாள் மட்டும் சோம்பலாகாது. அடியில் தேங்கிய நீரை இறைத்து, உட்பலகைகளைத் தூக்கி வைத்துக் காற்றுப்படச் செய்யவேண்டும். அரைமணி நேர வேலைதான். அதைத் தள்ளிப்போட்டால், பின்னர் விலாக்கட்டையையே மாற்ற நேரும். மரவிலையும் தச்சுக்கூலியும் குடும்பத்தைக் கடனில் ஆழ்த்தும்.

நீருக்குள் அமிழ்ந்திருக்கும் பகுதிக்குப் பகை வேறு: கப்பற்புழு. பெயர்தான் புழு, உண்மையில் அது சிப்பியினம். வெளியே ஊசித்துளை தெரியும். உள்ளே பலகை தேன்கூடாயிருக்கும். கரையில் உறுதியாகத் தோன்றிய படகு நடுக்கடலில் பிளந்தால், போவது பலகை மட்டுமா? 1761-இல் ஆங்கிலேயர் ‘அலாரம்’ என்னும் போர்க்கப்பலின் அடிப்புறத்தில் செப்புத்தகடு போர்த்திப் பார்த்ததும் இச்சிற்றுயிருக்கு அஞ்சியே. நம் கட்டுமரக்காரருக்குச் செப்புத்தகடு ஏது? கரை சேர்ந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே மணலில் காயப்போட்டனர். இதைவிட எளிய பராமரிப்பை யான் அறியேன்.

ஆனால் பலகைப் படகைக் கட்டுமரம்போல் வெயிலில் நெடுநாள் விடலாகாது. பலகை சுருங்கி இடுக்குகள் திறந்துகொள்ளும். கரையேற்றிய அன்றே, ஈரம் காயுமுன், பாசியையும் ஒட்டியிருக்கும் ஓட்டுயிர்களையும் சுரண்டிவிடுங்கள். காய்ந்தபின் சுரண்டுவது இருமடங்கு வேலை. பின்னர் ஓலை வேய்ந்து நிழல் செய்யுங்கள். இடுக்குகளில் பஞ்சுத்திரி திணித்து, எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியம் பூசுவது பழைய முறை. சுண்ணாம்பையும் கொழுப்பையும் குழைத்து அடிப்புறத்தில் பூசும் வழக்கமும் இந்துமாக்கடல் மரக்கலங்களில் நெடுங்காலம் இருந்தது.

நன்னீரைப் பாய்க்கு வைத்துக்கொள்ளுங்கள். உப்புப் படிந்த துணி காற்றின் ஈரத்தை இழுத்து எப்போதும் நசநசத்திருக்கும். அலசி, நன்கு உலர்ந்த பின்னரே மடிக்கவேண்டும். பருத்தியாயின் ஈரத்தில் பூஞ்சணம் பிடித்து இற்றுப்போகும். இக்காலச் செயற்கை இழைத் துணி மக்குவதில்லை. ஆனால் வெயில் அதன் இழையைத் தின்றுவிடும். படகு ஓடாத நாட்களில் பழைய சாக்கு ஒன்றை அதன்மேல் போர்த்தி வையுங்கள்.