ஒரு தெருவைக் காப்பாற்றிய சோமாசு!

நயாகரா பார்த்தாச்சு, நியூயார்க் பார்த்தாச்சு. சிகாகோவில் அக்கா வீட்டுக்கு இரண்டாவது முறையாக வந்திருந்த அம்மா, "இனிமே கட்டடத்தை அண்ணாந்து பார்க்க என்னால ஆகாது, கழுத்து வலிக்குது" என்று சொல்லிவிட்டார். "அப்போ குட்டிக் குட்டி ஊரா பார்க்கலாம் அத்தை" என்று மாமா கார் சாவியை எடுத்தார். இரண்டு நாள், நாலு ஊர்.

சிகாகோவிலிருந்து மேற்கே மூன்று மணி நேரம். வழியெல்லாம் மக்காச்சோளக் காடு. தோசைக்கல் மாதிரி தட்டையான பூமி. அம்மா தூங்கிவிட்டார். திடீரென்று கார் ஏறி இறங்க ஆரம்பித்ததும்தான் முழித்தார். பனி யுகத்தில் இந்தப் பகுதி முழுக்க நகர்ந்து வந்த பனிப்பாறைகள் நிலத்தைத் தேய்த்துச் சமமாக்கிவிட்டன. இந்த ஒரு மூலையை மட்டும் தொடவில்லை. அதனால் குன்றுகள் தப்பின. அந்தக் குன்றுகளுக்கு அடியில் இருந்தது ஈயம். நாங்கள் பார்க்கப் போன ஊர்களில் முதல் இரண்டும் ஈயத்தை நம்பிப் பிறந்தவை.

முதல் ஊர் இல்லினாய் மாநிலத்தின் கலீனா. ஈயத் தாதுவின் பெயரே ஊருக்கும். 1840-களில் நீராவிக் கப்பல்கள் வந்து நின்ற பணக்கார ஊர் இது. ஆற்றில் மண் சேர்ந்து கப்பல் வரத்து குறைந்தது, ரயில் வந்தது, தங்கம் தேடி ஆட்கள் கலிஃபோர்னியா போனார்கள். இன்றைக்கு மூவாயிரத்துச் சொச்சம் பேர் மட்டுமே இருக்கிற சின்ன ஊர். ஆனால், பழைய செங்கல் கடைத்தெரு அப்படியே வளைந்து நிற்கிறது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட ஊரில் யாரிடமும் காசில்லை. அந்த வறுமைதான் தெருவைக் காப்பாற்றியது!

1860-ல் இங்கே தன் அப்பாவின் தோல் கடையில் வேலைக்குச் சேர்ந்தவர் யுலிசஸ் கிராண்ட். வயது 38. அதுவரை தொட்டதெல்லாம் நஷ்டம். அடுத்த வருடம் உள்நாட்டுப் போர் வந்தது; 1865-ல் ஜெயித்த தளபதியாகத் திரும்பினார். ஊர்க்காரர்கள் ஒரு வீட்டையே பரிசாகக் கொடுத்தார்கள். 1868-ல் அமெரிக்க அதிபராகத் தேர்வானார். "கடையில உட்கார்ந்திருந்தவரா!" என்று அம்மா அந்த வீட்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். வார இறுதியில் போனால் கூட்டம் அள்ளும், பார்க்கிங் கிடைக்காது. வியாழன், வெள்ளி உத்தமம்.

அங்கிருந்து ஒரு மணி நேரத்தில் விஸ்கான்சின் மாநிலத்தின் மினரல் பாயின்ட். இந்தப் பயணத்தில் என் மனசு நின்றுபோன ஊர் இதுதான்.

இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில் கார்ன்வால் என்று ஒரு பகுதி உண்டு. சுரங்கத் தொழிலில் ஊறியவர்கள். 1830-களில் அவர்கள் இங்கே ஈயம் தோண்ட வந்தார்கள். கல் வேலையும் தெரியும் என்பதால், சுண்ணாம்புக்கல்லில் குட்டி வீடுகள் கட்டிக்கொண்டார்கள். ஒரு தெருவுக்கு 'ஷேக் ரேக்' என்று பெயர், அதாவது துணியை உதறு. எதிர்க் குன்றில் வேலை செய்யும் ஆண்களைச் சாப்பிடக் கூப்பிட, பெண்கள் வாசலில் நின்று துணியை ஆட்டுவார்களாம்.

அப்படி வந்து அவர்கள் சாப்பிட்டது பாஸ்டி. மைதா மாவைத் தடிமனாகத் தேய்த்து, மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம், நூல்கோல் மாதிரி ஒரு கிழங்கு எல்லாம் வைத்து மடித்து, ஓரத்தை முறுக்கி அவனில் சுடுவது. மேல் மாவு தடிமன் என்பதால் உள்ளே சூடு நிற்கும். தட்டு வேண்டாம், சுரங்கத்துக்குள்ளேயே கையில் பிடித்துச் சாப்பிடலாம். நாங்கள் போன கடையில் காய்கறி மட்டும் வைத்ததும் இருந்தது. அம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏய், இது நம்ம சோமாசுடி! பூரணம்தான் வேற."

சுரங்கம் ஓய்ந்த பிறகு அந்தக் கல் வீடுகளுக்கு மதிப்பில்லாமல் போனது. இடித்துக் கல்லை எடுத்துப் போனார்கள். 1935-ல், அமெரிக்காவே வேலையில்லாமல் தவித்த காலத்தில், உள்ளூர்க்காரரான ராபர்ட் நீல், தன் துணைவர் எட்கர் ஹெல்லமுடன் சேர்ந்து இடிந்துகிடந்த ஒரு வீட்டை வாங்கினார். பெயர் வைத்தார்கள்: பென்டார்விஸ். பழுது பார்க்கக் காசு? அதே வீட்டில் கார்ன்வால் சாப்பாடு போட ஆரம்பித்தார்கள். பாஸ்டி, குங்குமப்பூ பன், டீ. முன்பதிவு செய்துவிட்டுச் சாப்பிட வந்தார்கள் வெளியூர்க்காரர்கள். அந்த வருமானத்தில் பக்கத்து வீடு, அதற்கடுத்த வீடு என்று ஒவ்வொன்றாக நிமிர்த்தினார்கள். முப்பத்தைந்து வருடம் போல இதே வேலை. பிறகுதான் மாநில வரலாற்றுச் சங்கம் அவற்றை எடுத்துக்கொண்டது. இன்று டிக்கெட் வாங்கி உள்ளே போகலாம். குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள், நாள் பார்த்துப் போங்கள்.

உள்ளே தலை இடிக்கும் அளவுக்குத் தாழ்வான உத்தரம், ஒரு ஆள் அகலத்துக்குக் கனமான சுவர். அம்மா அடுப்படியைத்தான் ரொம்ப நேரம் பார்த்தார். "இந்த இத்துனூண்டு இடத்துலயா ஊருக்கே சமைச்சாங்க?"

மறுநாள் நியூ கிளாரஸ். 1845-ல் சுவிட்சர்லாந்தின் கிளாரஸிலிருந்து பஞ்சம் பிழைக்க வந்தவர்களின் ஊர். மரவீடு, பால்கனிப் பூந்தொட்டி எல்லாம் போட்டோவுக்கு அழகு. ஆனால், அதில் நிறைய சுற்றுலாவுக்காகப் பிற்பாடு போட்ட வேஷம் என்பதால் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. புதுசாகச் செய்த சீஸ் கட்டிகளை மட்டும் விடாதீர்கள். பல்லில் பட்டால் 'கீச் கீச்' என்று சத்தம் போடும்.

கடைசி ஊர் மன்ரோ. லிம்பர்கர் என்ற சீஸுக்குப் பேர்போனது, நாற்றத்துக்கும்! 1935-ல் இங்கிருந்து போன லிம்பர்கர் பார்சலை, அயோவா மாநிலத்தில் ஒரு போஸ்ட் மாஸ்டர் வாடை தாங்காமல் திருப்பி அனுப்ப, மன்ரோ போஸ்ட் மாஸ்டர் சண்டைக்கே போய்விட்டார். இருவரும் டுபியூக் நகரத்தில் சந்தித்து, சீஸை நடுவில் வைத்துப் பஞ்சாயத்து நடந்தது.

சதுக்கத்தில் 1931-லிருந்து இருக்கும் பாம்கார்ட்னர்ஸில் அதைக் கம்பு நிற ரை ரொட்டியில் பச்சை வெங்காயத்தோடு வைத்துத் தருகிறார்கள். மாமா ஒரு கடி கடித்துவிட்டு அமைதியானார். நான் இரண்டு கடி. வாடைதான் பயங்கரம், ருசி பரவாயில்லை. மிச்சத்தை பார்சல் கட்டச் சொன்னதுதான் தப்பு. சிகாகோ வரைக்கும் கார் கண்ணாடியை அம்மா ஏற்றவே விடவில்லை.