பூனைக்கு சுகரா? சிரிக்காதீங்க... காது ஓரத்தில் ஒரு சொட்டு ரத்தம் போதும்!

"பூனைக்கு சுகரா? காமெடி பண்ணாதீங்க பாஸ்!"

தருமபுரி மாவட்டம் கடத்தூர் மாதிரி ஒரு பேரூராட்சியில் இதைச் சொல்லிப் பாருங்கள். முதல் ரியாக்‌ஷன் அநேகமாக இதுவாகத்தான் இருக்கும். மாட்டுக்கு மடிநோய் தெரியும், ஆட்டுக்குத் துள்ளுமாரி தெரியும், கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் தெரியும். ஆனால், பூனைக்கும் மனுஷங்க மாதிரியே சர்க்கரை நோய் வரும், அதற்கும் இன்சுலின் ஊசி உண்டு என்பது பலருக்குப் புது நியூஸ்.

அந்தப் பூனையின் சுகரை வீட்டிலேயே டெஸ்ட் பண்ணலாம் என்று சொன்னால், "அதெல்லாம் சென்னை, பெங்களூருல பணக்காரங்க பண்ற வேலை" என்பார்கள். நான் அப்படியே நேர் எதிராகச் சொல்கிறேன். இந்த வீட்டு டெஸ்ட் பெரிய நகரங்களைவிட கடத்தூர் மாதிரி ஊர்களுக்குத்தான் அதிகம் தேவை. ஏன்?

எறும்பு சொல்லும் சேதி

பூனைகளுக்கு வருவது பெரும்பாலும் நம்ம வீடுகளில் இருக்கும் டைப்-2 போன்ற சர்க்கரை நோய்தான். உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாது. போகப் போக கணையம் சுரப்பதும் குறையும். நடுத்தர வயதைத் தாண்டிய, குண்டான, கருத்தடை செய்யப்பட்ட ஆண் பூனைகளுக்கு ரிஸ்க் அதிகம். வேறு நோய்க்காக நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுக்கும் பூனைகளுக்கும் வரலாம்.

அறிகுறிகளும் பழகியவைதான். தண்ணீர் நிறைய குடிக்கும், அடிக்கடி சிறுநீர் போகும், நல்லா சாப்பிட்டும் இளைத்துக்கொண்டே வரும். சில பூனைகள் நரம்பு பாதிப்பால் பின்னங்கால்களைக் குதிகால் வரை தரையில் பதித்து நடக்கும். சிறுநீர் போன இடத்தில் எறும்பு மொய்த்தால் சந்தேகப்படணும் என்பது நம்ம பாட்டிகள் சொன்ன விஷயம். அது பூனைக்கும் பொருந்தும்.

இப்படி ஏதாவது தெரிந்தால் முதலில் போக வேண்டியது டாக்டரிடம்தான். நோய் இருக்கா, இல்லையா என்று முடிவு செய்வதும், எந்த மருந்து, எவ்வளவு என்று சொல்வதும் அவர் வேலை. நம்ம வேலை அதற்கு அப்புறம் ஆரம்பிக்கிறது.

கிளினிக்கில் பொய் சொல்லும் ரத்தம்

பூனையைப் பொறுத்தவரை ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. பயந்தால் அதன் சர்க்கரை எகிறும். 2002-ல் வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமான பூனைகள் மீது 5 நிமிடம் தண்ணீரைத் தெளித்துப் பார்த்தார்கள். அவ்வளவுதான், ரத்தச் சர்க்கரை ஏறிவிட்டது. அதிகமாகத் திமிறிய பூனைகளுக்கு அதிகமாக ஏறியது.

இப்போது யோசியுங்கள். கடத்தூரில் இருந்து ஒரு பூனையைக் கூடையில் போட்டு, பஸ்ஸில் தருமபுரிக்கோ சேலத்துக்கோ கொண்டு போகிறீர்கள். வழியெல்லாம் ஹாரன் சத்தம். கிளினிக் வாசலில் நாய் குரைப்பு. மேஜை மேல் நாலு கை சேர்ந்து அமுக்கிப் பிடிக்கிறது. அந்த நேரத்தில் எடுக்கும் ரீடிங் 300 காட்டினால், அதில் நோய் எவ்வளவு, பயம் எவ்வளவு?

இதனால்தான் டாக்டர்கள் ஃப்ரக்டோசமைன் என்ற டெஸ்ட்டையும் பார்ப்பார்கள். கடந்த இரண்டு, மூன்று வாரங்களின் சராசரி நிலவரம் அதில் தெரியும். ஆனால், இன்சுலின் அளவைச் சரிசெய்ய சராசரி மட்டும் போதாது. ஊசி போட்ட பிறகு சர்க்கரை எவ்வளவு கீழே இறங்குகிறது என்று தெரியணும். அதற்கு 12 மணி நேரம், சுமார் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்க்க வேண்டும். மாடும் ஆடும் வரிசையில் நிற்கும் ஒரு கால்நடை மருந்தகத்தில் இது நடக்கிற காரியமா?

பயத்தால் ஏறிய நம்பரை நம்பி டோஸைக் கூட்டினால், வீட்டுக்குப் போய் அமைதியான பிறகு சர்க்கரை தடாலென விழும். தள்ளாட்டம், வலிப்பு, மயக்கம், சில நேரம் மரணம். சுகர் அதிகமானால் நாள்கணக்கில் கெடுக்கும். குறைந்தால் மணிக்கணக்கில் கொல்லும். இந்த விபத்தைத் தடுக்கத்தான் வீட்டு ரீடிங்.

மனுஷங்களுக்கு ஓகேன்னா...

க்ளூக்கோமீட்டர் ஒன்றும் நமக்கு வேற்றுக்கிரகப் பொருள் இல்லை. ஐ.சி.எம்.ஆர் ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10.1 கோடி. வீட்டுக்கே வந்து பி.பி, சுகர் பார்க்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கியதே பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான். தாத்தாவின் விரலில் குத்தத் தெரிந்த வீட்டுக்கு, பூனையின் காதில் குத்தக் கற்றுக்கொள்வது முடியாத காரியம் இல்லை.

எப்படிப் பார்ப்பது?

முதல் தடவை டாக்டர் முன்னால் செய்து பழகுங்கள். ரத்தம் எடுக்கும் இடம் காதின் வெளி ஓரம். அங்கே ஒரு மெல்லிய நரம்பு ஓடும்.

வெதுவெதுப்பான துணியைக் காதில் கொஞ்ச நேரம் வைத்து, பிறகு ஈரம் இல்லாமல் துடைக்கவும். சூட்டில் ரத்த ஓட்டம் கூடும். ஸ்பிரிட் வேண்டாம். எரியும், ரீடிங்கையும் கெடுக்கலாம். காதுக்குப் பின்னால் மடித்த பஞ்சை வைத்துப் பிடித்து, ஓரத்தில் லான்செட்டால் ஒரு குத்து. வரும் சொட்டில் ஸ்ட்ரிப்பின் நுனியைத் தொட்டால் அதுவே இழுத்துக்கொள்ளும். பஞ்சால் அரை நிமிடம் அழுத்திவிட்டு, ஒரு துண்டு வேகவைத்த சிக்கன் கொடுங்கள். தினமும் அதே இடம், அதே நேரம், அதே சிக்கன். பல பூனைகள் சில நாள்களில் பழகிவிடும்.

மீட்டர் விஷயத்தில் கவனம் தேவை. மனித ரத்தத்தில் சிவப்பணுக்களுக்குள் இருக்கும் சர்க்கரையின் பங்கு அதிகம். பூனை ரத்தத்தில் மிகக் குறைவு. அதனால் மனிதர்களுக்கான மீட்டர், பூனைக்குப் பெரும்பாலும் உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். விலங்குகளுக்கென்றே தனி மீட்டர் உண்டு. ஆனால், அதை நம்ம ஊர் மெடிக்கல் ஷாப்பில் எதிர்பார்க்க முடியாது. மனித மீட்டர்தான் கையில் இருக்கிறது என்றால், எப்போதும் அந்த ஒரே மீட்டரைப் பயன்படுத்துங்கள். எந்த மீட்டர் என்பதை டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள்.

ஆரோக்கியமான பூனைக்கு சர்க்கரை தோராயமாக 80 முதல் 120 வரை இருக்கும். இன்சுலின் போடும் பூனைக்கு நாள் முழுக்க அந்த அளவு வரணும் என்று அடம்பிடிக்க வேண்டாம். அதன் இலக்கை டாக்டர் சொல்வார்.

தாண்டக் கூடாத கோடு

வீட்டு டெஸ்ட் என்றால் வீட்டு வைத்தியம் என்று அர்த்தம் இல்லை. நம்பரை எழுதி வைப்பது நாம், டோஸை மாற்றுவது டாக்டர். ஒருநாள் ரீடிங் அதிகமாக இருக்கே என்று ஒரு யூனிட் கூட்டிப் போடுவது ரொம்ப ஆபத்து.

ஊசிக்கு முன் ரீடிங் 60-க்குக் கீழே, அல்லது டாக்டர் சொன்ன எல்லைக்குக் கீழே இருந்தால், இன்சுலின் போடாமல் அவருக்கு போன் பண்ணுங்கள். பூனை தள்ளாடினால் தேனையோ குளுக்கோஸ் கரைசலையோ ஈறில் தடவி, விழுங்க முடிந்தால் சாப்பாடு கொடுத்து, உடனே கூட்டிப்போங்கள். மயங்கிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

சிரிஞ்சிலும் ஒரு பொறி இருக்கு. நம்ம நாட்டில் இன்சுலின் ஒரு மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என இரண்டு அடர்த்திகளில் விற்கிறது. 40-க்கான சிரிஞ்சுக்கு சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தை சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்தால், உள்ளே போவது இரண்டரை மடங்கு. பூனைக்கு ஒன்றிரண்டு யூனிட்டே பெரிய விஷயம் எனும்போது, இந்தத் தவறு உயிரை எடுக்கும்.

சாப்பாட்டையும் சொல்லாமல் மாற்றாதீர்கள். பூனை இறைச்சி உண்ணும் பிராணி. பால்சோறும் பிஸ்கட்டும் அதற்கு ஒத்துவராது. ஆனால், இன்சுலின் போடும்போது சோற்றைத் திடீரென நிறுத்தினாலும் சர்க்கரை சட்டென இறங்கலாம்.

இவ்வளவு கஷ்டப்படணுமா?

படலாம், பலன் இருக்கிறது. மனிதர்களிடம் அவ்வளவு எளிதில் நடக்காத ஒன்று பூனைகளிடம் நடக்கிறது. பல பூனைகளுக்கு இன்சுலினே தேவைப்படாத நிலை திரும்பி வருகிறது. வீட்டிலேயே ரத்தம் பார்த்து, கிளார்ஜின் இன்சுலின் கொடுத்த 55 பூனைகளைப் பற்றி 2009-ல் ஓர் ஆய்வு வெளியானது. அதில் 64 சதவீதப் பூனைகள் அந்த நிலையை எட்டின. நோய் தெரிந்த 6 மாதத்துக்குள் இந்தத் தீவிரக் கண்காணிப்பைத் தொடங்கியவற்றில் அது 84 சதவீதம், தாமதமாகத் தொடங்கியவற்றில் 35. ஒரு நாளில் பலமுறை ரத்தம் பார்த்தவர்கள் அவர்கள் என்பதையும் சொல்லணும். எல்லோராலும் அது முடியாது. ஸ்ட்ரிப் செலவும் சும்மா இல்லை.

அதனால் எல்லோரும் கட்டாயம் இதைச் செய்யணும் என்று சொல்லவில்லை. கடிக்க வரும் பூனையோடு மல்லுக்கட்டினால் ரீடிங்கும் தப்பாகத்தான் வரும். அப்படிப்பட்ட வீடுகளில் எடை, குடிக்கும் தண்ணீர், சாப்பாட்டு அளவு ஆகியவற்றை எழுதி வைத்தாலே டாக்டருக்குப் பெரிய உதவி.

செய்ய விரும்புகிறவர்களுக்குக் கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும் என்பதுதான் என் வாதம். இன்சுலின் எழுதிக் கொடுக்கும் டாக்டர், அதே சந்திப்பில் 10 நிமிடம் ஒதுக்கி காதில் குத்தவும் சொல்லித் தரணும். நாமக்கல், வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இதைத் தமிழில் ஒரு சின்ன வீடியோவாகப் போட்டால், கடத்தூரில் போன் வைத்திருக்கும் யாரும் பார்த்துக்கொள்ளலாம். அதுவரைக்கும் நீங்களே கேளுங்கள். அடுத்த முறை போகும்போது மீட்டரையும் கையோடு எடுத்துப் போய், "டாக்டர், எங்கே குத்தணும்னு காட்டுங்க" என்று கேட்டால் போதும்.